நெக்ஸான் ஈவியா, வின்ட்சர் ஈவியா? வாங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

முதன்முறையாக மின்சார கார் வாங்க நினைத்து என்னிடம் கேட்பவர்களில் நிறையப் பேர் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறார்கள்: டாடா நெக்ஸான் ஈவி, எம்ஜி வின்ட்சர் ஈவி. எத்தனை விமர்சன வீடியோ பார்த்தாலும் குழப்பம் தீராது. அந்த வீடியோக்களில் உங்கள் வீட்டு பார்க்கிங்கும் இல்லை, உங்கள் கரண்ட் பில்லும் இல்லை. அதனால் ஒப்பீட்டைக் காரிலிருந்து தொடங்காமல் உங்களிடமிருந்து தொடங்குங்கள். ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 1: ஓட்டத்தை எழுதுங்கள்

தினமும் எத்தனை கிலோமீட்டர், மாதத்துக்கு எத்தனை, வருடத்தில் எத்தனை முறை வெளியூர். இந்த மூன்றும் போதும். இப்போது ஓட்டும் வண்டியின் சர்வீஸ் பில்களில் கிலோமீட்டர் குறித்திருப்பார்கள். அதிலிருந்து எடுத்தால் ஊகமாக இருக்காது.

படி 2: கார் நிற்கும் இடத்தில் கரண்ட் இருக்கிறதா?

ஷோரூமுக்குப் போகும் முன் இதை முடித்துவிடுங்கள். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்குச் சுமார் 3 யூனிட்தான் ஏறும். 45 யூனிட் பேட்டரியை முழுக்க நிரப்ப ஒரு இரவு போதாது. ஆனால் தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மூன்று மணி நேர சார்ஜ் போதும், அதனால் இந்த பிளக்கே தாராளம். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் மாட்டினால் ஆறேழு மணி நேரத்தில் முழுக்க ஏறும். ஆனால் அதற்கு உங்கள் இணைப்பின் மின்சுமையைக் கூட்ட வேண்டி வரலாம். அடுக்குமாடி என்றால் மீட்டர் பெட்டியிலிருந்து பார்க்கிங் வரை ஒயர் இழுக்க சங்கத்தின் அனுமதியும் வேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்திங்கைக் கட்டாயம் பாருங்கள். அது சரியில்லை என்றால் சார்ஜர் வேலை செய்ய மறுக்கும்.

கரண்ட் கட்டணத்தையும் இங்கேயே கணக்கிடுங்கள். சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வையுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 285 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டுக் கட்டண அடுக்கே மாறிவிடும். ஏற்கெனவே 350 யூனிட் ஓடும் வீடு 635-க்குப் போய்விடும். அந்தப் புது பில் எவ்வளவு வரும் என்று போட்டுப் பாருங்கள்.

படி 3: ரேஞ்சைக் குறைத்து எழுதுங்கள்

ரேஞ்ச் என்றால் ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம். விளம்பரத்தில் வரும் எண் ஆய்வகச் சோதனையில் கிடைப்பது. 2024 செப்டம்பரில் வந்த நெக்ஸான் ஈவி 45-க்கு (45 கிலோவாட் மணி, அதாவது 45 யூனிட் பேட்டரி) அது 489 கிலோமீட்டர். சாலையில் 350 முதல் 375 வரை கிடைக்கும் என்று டாடாவே சொல்கிறது, அதாவது ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. இதே கணக்கை மற்றதுக்கும் போடுங்கள். அதே மாதம் வந்த 38 கிலோவாட் மணி வின்ட்சருக்கு 332 என்கிறார்கள், 250-க்குள் எழுதிக்கொள்ளுங்கள். 2025 மே மாதம் வந்த 52.9 கிலோவாட் மணி வின்ட்சர் புரோவுக்கு 449, அதை 335 என்று எழுதுங்கள். ஏசி போட்டு நான்குவழிச் சாலையில் நூறில் போனால் இன்னும் குறையும்.

அப்புறம், வழியில் யாரும் 100 முதல் பூஜ்யம் வரை ஓட்டுவதில்லை. 10 சதவீதத்தில் நிறுத்தி 80 வரை ஏற்றிக்கொண்டு கிளம்புவதுதான் வழக்கம், ஏனென்றால் 80-க்கு மேல் ஏறும் வேகம் குறைந்துவிடும். 350 கிலோமீட்டர் ஓடும் காரில் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே கையில் இருப்பது 245 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திருச்சி 330 கிலோமீட்டர் சொச்சம். நெக்ஸானில் ஒரு நிறுத்தம் போதும், 38 வின்ட்சரிலும் ஒன்றில் முடித்துவிடலாம். மதுரை வரை என்றால்தான் சின்ன பேட்டரி கையைக் கடிக்கும்.

வேக சார்ஜரையும் பாருங்கள். நெக்ஸான் அதிகபட்சம் 60 கிலோவாட் வரை ஏற்றும், 10-லிருந்து 80-க்கு 40 நிமிடம் என்கிறார்கள். 38 வின்ட்சரின் உச்சம் 45 கிலோவாட். வழியில் இருக்கும் சார்ஜரே 30 கிலோவாட் என்றால் இரண்டும் ஒரு மணி நேரம் நிற்கத்தான் வேண்டும். நீங்கள் அடிக்கடி போகும் பாதையில் எந்தத் திறன் சார்ஜர் எங்கே இருக்கிறது என்று செயலியில் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 4: விலை, பேட்டரி வாடகை

ஷோரூம் விலையை விட்டுவிட்டு ஆன்ரோடு விலையை இரண்டு இடத்திலும் எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ் வெளியே எடுத்தால் எவ்வளவு குறையும் என்பதையும் சேர்த்து.

வின்ட்சரில் பேட்டரியை வாங்காமல் ஓடும் கிலோமீட்டருக்குப் பணம் கட்டும் வழியும் உண்டு. பலரை இழுப்பது இதுதான், கவனம் வேண்டியதும் இதில்தான். அறிமுக விலைப்படி பேட்டரியோடு 13.50 லட்சம். பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், கூடவே கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய். வித்தியாசம் 3.51 லட்சம். அதை 3.50-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால், அதற்குக் குறைவாக ஓட்டுபவருக்கு வாடகை லாபம், தாண்டினால் நஷ்டம். வருடம் 12,000 ஓட்டினால் அந்தப் புள்ளிக்கு வர எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். ஆனால் மாதம் குறைந்தது இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியாக வேண்டும் என்று நிதி நிறுவனங்கள் வைக்கும் நிபந்தனை இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும். கரண்ட் செலவும் தனி. ஒப்பந்தத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லிப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். விலைகள் மாறியிருக்கும், அன்றைய எண்களை வைத்து இதே வகுத்தலைச் செய்யுங்கள்.

படி 5: குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள்

நெக்ஸான் நான்கு மீட்டருக்குள் அடங்கும் கார், வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்) 2,498 மில்லிமீட்டர். வின்ட்சர் 4,295 மில்லிமீட்டர் நீளம், வீல்பேஸ் 2,700. பின்னால் உட்கார்ந்தவுடனே வித்தியாசம் தெரியும். நெக்ஸானில் பேட்டரிக்காகத் தரை உயர்ந்திருப்பதால் உயரமானவர்களுக்கு முழங்கால் மேலே தூக்கும், தொடை இருக்கையில் முழுக்கப் படியாது. வின்ட்சரில் காலை நீட்டி உட்காரலாம், சாய்மானம் 135 டிகிரி வரை சாயும். டிக்கியும் பெரிது: 38 வின்ட்சரில் 604 லிட்டர், நெக்ஸானில் 350. வயதான பெற்றோரைப் பின்னால் உட்காரவைத்து அடிக்கடி ஊருக்குப் போகிறவர் என்றால், என் கணிப்பில் வின்ட்சர்தான். குறுகலான தெருவில் நிறுத்துபவருக்கும் தானே ஓட்டி ரசிப்பவருக்கும் நெக்ஸான்.

பாதுகாப்பில் நெக்ஸான் ஈவிக்கு 2024 ஜூனில் பாரத் என்கேப் (இந்தியாவின் கார் மோதல் பாதுகாப்புச் சோதனை) சோதனையில் 5 நட்சத்திரம் கிடைத்தது. வின்ட்சர் ஷோரூமில் அதற்கான மதிப்பெண் சான்றைக் கேளுங்கள்.

படி 6: டெஸ்ட் டிரைவ்

பத்து நிமிடச் சுற்று போதாது, அரை மணி நேரம் கேளுங்கள். கிளம்பும்போது பேட்டரி சதவீதத்தையும் கிலோமீட்டரையும் போனில் படம் எடுங்கள், திரும்பியதும் இன்னொரு படம். வின்ட்சரில் பக்கக் கண்ணாடியைத் திருப்புவதுகூட நடுவிலுள்ள 15.6 அங்குலத் திரையில்தான். அது உங்களுக்குப் பழகுமா என்று ஓட்டும்போதுதான் தெரியும். நெக்ஸானில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்புகளால் பிரேக் ஆற்றலை மீட்கும் அளவைக் (வேகம் குறையும்போது பேட்டரிக்குத் திரும்பும் ஆற்றல்) கூட்டிக் குறைக்கலாம். மேம்பாலத்தில் இறங்கும்போது அதை அழுத்திப் பாருங்கள்.

கிளம்பும் முன் சர்வீஸ் பிரிவுக்கும் ஒரு நடை போங்கள். உயர் மின்னழுத்த பேட்டரியைத் தொடப் பயிற்சி பெற்றவர் இந்தக் கிளையிலேயே இருக்கிறாரா, இல்லை வண்டியை வேறு ஊருக்கு அனுப்புவார்களா என்று அங்கேயே கேளுங்கள். பேட்டரி உத்தரவாதத்தில் முதல் உரிமையாளருக்கு என்ன, காரை விற்றால் அடுத்தவருக்கு என்ன என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.