லென்ஸ் ஹூட்: எங்கே மாட்டுவது, எங்கே கழற்றுவது

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளில் கவனித்துப் பாருங்கள். படமெடுக்க வரும் பொடியள் பலரின் கமராவில் ஹூட், அதாவது வெளிச்சத்தை மறைக்க லென்ஸின் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் வளையம், பின்பக்கமாகத் திருப்பி மாட்டியபடியே இருக்கும். அது பையில் வைக்கும்போது இடம் மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு. அப்படியே படமெடுத்தால் வெளிச்சமும் மறையாது, பல லென்ஸ்களில் சூம் வளையமும் கைக்கு எட்டாது. ஒன்று நேராக மாட்டுங்கள், இல்லையென்றால் கழற்றிப் பையில் போடுங்கள்.

ஹூட்டின் முதல் வேலை, படத்துக்குள் வராத வெளிச்சம் லென்ஸின் முன்கண்ணாடியில் விழாமல் மறைப்பது. விழுந்தால் உள்ளேயிருக்கும் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்து, படம் முழுக்க வெளிறிவிடும். கறுப்பு சாம்பலாகும், கூறைச் சேலையின் சிவப்பு சோர்ந்துபோகும். ஆகவே கமராவைக் குறிபார்த்துப் பிடித்ததும், முன்கண்ணாடியில் வெயிலோ விளக்கோ நேராகப் படுகிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பட்டால் ஹூட் வேண்டும்.

நல்லூர்த் தேரை எடுத்துக்கொள்வோம். கோயில் கிழக்கு வாசல். தேர் வெளிக்கிடும் நேரம் கோயில் வாசலைப் பார்த்தபடி நின்றால் காலை வெயில் உங்கள் முதுகில்தான் விழும். வெளிச்சத்துக்காக ஹூட் தேவையில்லை. ஆனாலும் மாட்டித்தான் வைப்பேன். அந்தச் சனத்தில் யாருடைய முழங்கை எப்போது வரும் என்று சொல்ல ஏலாது. இடி முதலில் பிளாஸ்டிக்கில் விழட்டும். தேர் தெற்கு வீதிக்குத் திரும்பி மேற்கே நகரும்போது கதை மாறிவிடும். இப்போது அதை முன்னால் நின்று எடுப்பவர் சூரியனைப் பார்த்து நிற்கிறார். அங்கே ஹூட் இல்லாமல் எடுத்த படத்தில் வடம் பிடிப்பவர்களின் முகம் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல இருக்கும்.

சூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 18-55 லென்ஸில் 18 என்றால் அகலமான காட்சி, 55 என்றால் கிட்டக் கொண்டுவந்த காட்சி. அதன் ஹூட்டை 18இல் மூலைகள் மறையாதபடி குட்டையாகத்தான் செய்வார்கள். 55க்குப் போனதும் அது போதாது. அப்போது இடது கையை லென்ஸுக்கு மேலே தூக்கி, கையின் நிழல் கண்ணாடியில் விழும்படி பிடியுங்கள். விரல் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் சரி. ஹூட் வாங்கக் காசில்லாதவருக்கும் இதே வழிதான். தொப்பியும் உதவும்.

இரவில் ஹூட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மணவறைக்குப் பக்கத்தில் வீடியோக்காரர் தூக்கிப் பிடிக்கும் விளக்கைவிடப் பெரிய தொல்லை வேறென்ன? இரவிலும் போடுங்கள்.

சரி, எப்போது கழற்றுவது? கமராவோடு வரும் சின்ன பிளாஷைத் திறந்தால் உடனே கழற்றுங்கள். அது உயரம் குறைவு. அகலமாக எடுக்கும்போது ஹூட்டின் நிழல் படத்தின் அடியில் அரைவட்டமாகக் கறுப்பாய் விழும். மாப்பிள்ளை பொம்பிளையின் கால்மாட்டில் அந்தக் கறுப்போடு வந்த அல்பங்களைக் கண்டிருக்கிறேன். மேலே மாட்டும் பெரிய பிளாஷில் இந்தத் தொல்லை குறைவு.

பண்ணைப் பாலத்தடியில் சூரியன் மறைவதைச் சூரியனோடு சேர்த்தே எடுக்கிறீர்கள் என்றால் ஹூட் ஒன்றும் செய்யாது; வெளிச்சம் படத்துக்குள்ளேயே இருக்கிறதே. அங்கே லென்ஸைக் காக்க முன்னால் மாட்டியிருக்கும் மலிவான யூவி பில்டர் கண்ணாடியைக் கழற்றினால்தான் பலன், பொட்டுப் பொட்டாய்த் தெரியும் பிரதிபலிப்பு குறையும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் முக்காலியில் நீள லென்ஸை வைத்து மெதுவான ஷட்டரில் எடுப்பவர்களும் கழற்றலாம். பெரிய ஹூட் காற்றைப் பிடித்து ஆடும், படம் கலங்கும். பளபளப்பைக் குறைக்க லென்ஸின் முன்னால் மாட்டிக் கையால் திருப்பும் போலரைசர் பில்டருக்கும் ஹூட் இடைஞ்சல். பூச்சி, பூவுக்கு மிகக் கிட்டப் போனால் அதன் நிழலே பூவில் விழும்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகில் போகும்போது மட்டும் கழற்ற வேண்டாம். உப்புத்தண்ணீர் தெறிப்பதை முழுக்கத் தடுக்காது, ஆனால் கண்ணாடியில் விழுவது குறையும். இறங்கியதும் ஹூட்டையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள்.

வாங்கும்போது லென்ஸின் பெயரைச் சொல்லி அதற்குரியதையே கேளுங்கள். கேனன் தன் சாதாரண லென்ஸ்களோடு ஹூட் கொடுப்பதில்லை. அதன் ஈஎஃப்-எஸ் 18-55 எஸ்டிஎம் லென்ஸுக்கு உரிய ஹூட்டின் பெயர் ஈடபிள்யூ-63சி. வேறு கம்பனி செய்த மலிவானதும் போதும், உட்புறம் பளபளக்காமல் மங்கிய கறுப்பாக இருந்தால். இதழ் வடிவ ஹூட் என்றால் நீள இதழ்கள் மேலும் கீழுமாக வந்து ‘டிக்’ என்று பூட்டும்வரை திருப்புங்கள். கோணலாக நின்றால் அகலப் படங்களின் மூலைகள் இருண்டுபோகும்.