எமனா, கூத்துக் கட்டியங்காரனா: விழிப்புணர்வுப் பலகையில் யார் முகத்தைப் போடுவது?

சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் எமன் கிரீடத்துக்கும் பாசக்கயிற்றுக்கும் வாடகைக் கடையில் கிராக்கி. சிக்னலில் எமன் நிற்பார், பிள்ளைகள் செல்பி எடுப்பார்கள், ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டியிருப்பவர் சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார். எமனைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. சினிமா அவரை எப்போதோ காமெடியனாக்கிவிட்டது. சரி, எமன் வேண்டாம் என்று நசுங்கிய மண்டையைப் பெரிதாக அச்சடித்தால், பார்த்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதோடு பலகையின் வேலையும் முடிந்தது.

அதிர்ச்சி தரும் உருவமோ சர்ச்சையில் அடிபட்ட ஆளோ பொது நலப் பலகையில் வரலாமா? வரலாம், இரண்டு சோதனையில் தேறினால். பார்த்தவர் உடனே செய்யக்கூடிய ஒரு காரியம் அதே பலகையில் இருக்க வேண்டும். முகம் அந்தக் காரியத்தை விழுங்கிவிடக் கூடாது. தேறாத முகத்தை, எவ்வளவு பெரிய முகமானாலும், எடுத்துவிடுங்கள். வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் பலகையும் சுவரெழுத்தும் கூத்தும் ஏற்பாடு செய்யும் சங்கங்களுக்கும் கல்லூரி என்.எஸ்.எஸ். குழுக்களுக்கும் உதவும்படி வேலையை வரிசைப்படுத்தியிருக்கிறோம்.

முதலில் காரியம், பிறகு முகம்

டிசைனரிடம் போவதற்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே வாக்கியம் எழுதுங்கள்: இதைப் பார்த்தவர் என்ன செய்ய வேண்டும்? "பாதுகாப்பாகப் பயணிப்போம்" என்பது காரியம் அல்ல. "தாடைப் பட்டையை மாட்டு, கிளிக் சத்தம் கேட்கணும்" என்பது காரியம்.

இதற்குப் பழைய ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவன்தாலும் கூட்டாளிகளும் 1965-ல் வெளியிட்ட ஆய்வில், டெட்டனஸ் பற்றி மாணவர்களுக்குக் கையேடு கொடுத்தார்கள். சிலருக்குக் கொடூரமான படங்கள், சிலருக்கு மிதமான விளக்கம். பயம் கூடியதே தவிர, ஊசி போட்டுக்கொண்டவர்கள் 3 சதவீதம் வாக்கில்தான். அதே கையேட்டில் வளாக வரைபடமும் ஊசி போடும் நேரமும் சேர்த்தபோது அது 28 சதவீதம் வாக்கில் ஏறியது. பயமே இல்லாத வெறும் வரைபடமும் பலிக்கவில்லை. அச்சம் கதவைத் தட்டும்; திறப்பதற்குச் சாவி என்றால் இடம், நேரம், எண் மூன்றும்தான்.

எண் ஒன்றே ஒன்று போதும். விபத்துக்கு 108, இணைய மோசடிக்கு 1930, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, மனநலத்துக்கு 14416. ஐந்தையும் அடுக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது. அச்சுக்கு அனுப்பும் அன்றைக்கே அந்த எண்ணை ஒரு தடவை அழைத்துப் பாருங்கள்.

தெருவுக்குத் தெரு அதிர்ச்சி மாறும்

குடியாத்தத்தில் வைகாசி பிறந்தால் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். அறுபட்ட தலை அங்கே தெய்வம்; தேங்காய் உடைத்துக் கும்பிடுவார்கள். அந்த ஊரில் துண்டான தலையைப் போட்டு வேகத்தடைக்குப் பலகை வைத்தால் ஒன்று எடுபடாது, இல்லையென்றால் அம்மனைக் கேலி செய்ததாகச் சண்டை வரும். அதே படம் காட்பாடி ரயில் நிலைய வாசலில் வேறு விதமாகப் படும்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனை எதிரே ஆற்காடு ரோட்டில் நடப்பவர்களில் நோயாளிகளும் அவர்களுடைய சொந்தக்காரர்களும் ஏராளம். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள். அந்தத் தெருவில் புற்றுநோய் வாயைப் பத்தடிக்குக் காட்டுவது, அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரைப் படுக்கையில் வைத்தே அடிப்பது மாதிரி. அங்கே உருவம் வேண்டாம். தமிழோடு வங்காளமும் இந்தியும் சேர்த்து, எந்தக் கட்டடம், எத்தனை மணி என்று எழுதுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி என்றால் உருது ஒரு வரி. சித்தூர் ரோட்டில் தெலுங்கு ஒரு வரி.

பீடி சுற்றும் வீடுகள் உள்ள தெருவில் புகைக்கு எதிரான பயங்கரப் படம் வைக்கும்போது இன்னும் நிதானம் தேவை. முறம் மடியில் வைத்து இலை வெட்டும் அம்மாவுக்கு அந்தப் படம் தன் கூலியைக் குற்றம் சொல்வதாகத் தெரியும். சிகரெட் பெட்டியில் முகப்பில் 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம் 2016 ஏப்ரலிலிருந்தே இருக்கிறது. கண் அதற்குப் பழகிவிட்டது. அதைவிடக் கோரமாக என்ன காட்டப் போகிறீர்கள்?

யார் முகம்?

சர்ச்சைக்குரிய ஆள் என்று பொதுவாகச் சொல்வதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

பலகை எதைப் பேசுகிறதோ அதே தவற்றைச் செய்து, ஒப்புக்கொண்டு, திருந்தியவர் ஒரு வகை. குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை அனுபவித்தவர் குடிபோதைப் பயணத்தைப் பற்றிப் பேசலாம். அவருடைய சர்ச்சையே அங்கே சரக்கு. ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பம் அதே ஊரில் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

வேறு காரணத்துக்காகப் பேர் கெட்டவர் அடுத்த வகை. கூட்டம் சேரும், பேச்சு அவரைப் பற்றியே ஓடும். 2024 பிப்ரவரியில் நடிகை பூனம் பாண்டே கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. மறுநாளே அவர் உயிரோடு வந்து, விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். ஊர் முழுக்கப் பேசியது, அவரை. 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைக்குத் தடுப்பூசி உண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் எங்கே போடுகிறார்கள் என்ற விவரம் அந்த இரைச்சலில் அடங்கிப்போனது. அதைவிட மோசம், அடுத்த முறை நிஜமாகவே ஒருவர் தன் நோயைச் சொன்னாலும் சந்தேகம் வரும்.

கட்சி, சாதி, மதத்தோடு சேர்த்துப் பார்க்கப்படும் முகம் கடைசி வகை. வேண்டாம். ஒரு தெருவில் மாலை விழும், அடுத்த தெருவில் சாணி விழும். அரசுப் பணத்தில் போடும் விளம்பரத்துக்கு உச்ச நீதிமன்றமே 2015-ல் யார் படம் வரலாம் என்று வரம்பு வகுத்து, 2016-ல் முதலமைச்சர், ஆளுநர், அமைச்சர் படங்களுக்கு அதைத் தளர்த்தியது.

கற்பனை ஆளைப் படைத்தால் தப்பிக்கலாமா? 2003 வாக்கில் தமிழ்நாட்டுச் சுவர்களில் "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று ஒரு கேள்வி மட்டும் நின்றது. மும்பையில் அதற்குச் சற்று முன்பு பல்பீர் பாஷா என்ற பெயரில் வந்த பிரசாரத்தின் தமிழ் வடிவம் அது. பேர் இன்றைக்கும் பலருக்கு நினைவிருக்கிறது. பதில் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். ஆவலைத் தூண்டிவிட்டுப் பதிலைப் பிறகு தரும் முறையில் உள்ள ஓட்டை இதுதான். கேள்வியும் பதிலும் ஒரே பலகையில் இருக்கட்டும்.

உருவம் யாரைக் குற்றவாளியாக்குகிறது என்பதையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் 1987-ல் எய்ட்ஸ் பற்றிய டிவி விளம்பரத்தில், அரிவாள் பிடித்த மரண உருவம் பந்தை உருட்டி மனிதர்களைக் கட்டைகள் போல வீழ்த்தியது. நாடே மிரண்டது. பலர் அந்த உருவத்தை நோயாக எடுத்துக்கொள்ளாமல் நோயாளிகளாகவே, அதிலும் தன்பாலின ஆண்களாகவே, எடுத்துக்கொண்டார்கள் என்ற விமர்சனம் பிறகு எழுந்தது. 1986-ல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில் எச்ஐவி இருப்பது முதலில் தெரிந்தது வேலூர் சிஎம்சி ஆய்வகத்தில்தான். அந்த நோயோடு வாழும் குடும்பங்கள் உள்ள ஊரில் எமனை அதற்குப் போடாதீர்கள்.

நிஜ நோயாளியின் படம்

சம்மதத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதி வாங்குங்கள். எந்தெந்த இடம், எத்தனை மாதம், வாட்ஸ்அப்பில் சுற்றுமா, பாதியில் வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது, அவர் இறந்துவிட்டால் முடிவெடுப்பது யார் என எல்லாம் அதில் வர வேண்டும். தியேட்டரில் நாம் எல்லோரும் பார்த்த முகேஷ் விளம்பரம் அந்த இளைஞர் இறந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஒருவர் எச்ஐவி நிலையைச் சம்மதமில்லாமல் வெளியிட 2017 சட்டம் தடை போடுகிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர், குற்றத்துக்கு ஆளான குழந்தை ஆகியோரின் அடையாளம் தெரியக் கூடாது. கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்தால் தெருக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். பள்ளிச் சீருடை, வீட்டு வாசல்கூடக் காட்டிக்கொடுக்கும். நடிகரை வைத்து ஓவியம் வரைந்துவிடுங்கள்.

அளவு

மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் பைக் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் கடக்கும். படிக்க 3 விநாடி என்றால் 33 மீட்டர், அதாவது 108 அடி. பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது வசதியான கணக்கு. ஆக, தலைப்பு எழுத்து 10, 11 அங்குலம். பத்துக்கு எட்டு அடி பலகையில் அந்த அளவில் ஒரு வரிக்கு எட்டுப் பத்து எழுத்துதான் பிடிக்கும். ஐந்து சொல்லுக்கு மேல் ஏற்றாதீர்கள். முகம் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பலகை பிறந்தநாள் வாழ்த்து மாதிரி ஆகிவிடும். கண் எழுத்துப் பக்கம் பார்க்கட்டும்.

பாமினி எழுத்துருவில் தட்டியது ஃபிளெக்ஸ் கடைக் கணினியில் ஆங்கில எழுத்தாக உடைந்து திறக்கும். எழுத்தைக் கோடுகளாக மாற்றியே கோப்பைக் கொடுங்கள். மாற்றிய பிறகு மெய்யெழுத்தின் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடர் சிவப்புப் பின்னணியில் அவை மறைந்துவிடும். பலகை வைக்க வாங்கிய அனுமதியின் எண்ணையும் அது முடியும் தேதியையும் அடியில் அச்சிட மறக்க வேண்டாம்.

பன்னிரண்டு பேர், இரண்டு நாள்

ஏ4 தாளில் எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு ஆட்டோ நிறுத்தத்துக்குப் போங்கள். மூன்று விநாடி காட்டி மூடிவிட்டு, "என்ன சொல்லுதுண்ணா? யாருக்குச் சொல்லுது? நீங்க என்ன பண்ணணும்? யாரையாவது மட்டம் தட்டுதா?" என்று கேளுங்கள். மறுநாள் தாள் இல்லாமல் திரும்பக் கேளுங்கள். பன்னிரண்டில் நாலு பேர் முகத்தை மட்டும் சொல்லிக் காரியத்தை மறந்திருந்தால் முகம் பெரிது. ஒருவர் முகம் சுளித்தாலும் ஏன் என்று உட்கார்ந்து கேளுங்கள். அந்த ஒருவர் பெண்ணாகவோ நோயாளியாகவோ இருந்தால் மீதிப் பதினொன்றைவிட அந்தப் பதில் கனம்.

பலகைக்கு மாற்றாக, வட ஆர்க்காட்டுக் கிராமத்தில் நம் சிபாரிசு கட்டியங்காரன். கூத்தில் முதலில் வந்து, ராஜாவையே கிண்டல் செய்து, ஊர் விஷயம் பேச அவனுக்கு உரிமை உண்டு. துரியோதனன் தாடைப் பட்டை போடாத கிரீடத்தோடு வர, "ராஜா, கீழே விழுந்தா கிரீடம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்" என்று அவன் பட்டையை இழுத்து மாட்டி, இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்துக் காட்டட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டினால் கூத்து வாத்தியாரே கோபிப்பார். கதை தொடங்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் செருகாதீர்கள்.

பலகை வைத்திருந்தால், அனுமதி முடியும் நாளில் கழற்ற ஆளை இப்போதே சொல்லி வையுங்கள். காற்றில் கிழிந்து பைக்காரர் மேல் விழும் சாலைப் பாதுகாப்புப் பலகையைவிடக் கேவலம் இல்லை. கழற்றும்போது ஆணிகளை எண்ணுங்கள். அடித்த ஆணிகள் அத்தனையும் டப்பாவில் திரும்பி வர வேண்டும்.