டர்பனில் போட்ட கணக்கு: டீசல் பக்கிக்குப் பெரிய டர்போ வாங்குவோர் செய்யும் தவறுகள்

போன சனிக்கிழமை சாட்ஸ்வர்த்தில் எங்கள் பட்டறைக்கு ஒரு பையன் வந்தான். கைபேசியில் ஒரு டர்போவின் (எஞ்சின் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி அது) படத்தைக் காட்டி, "அங்கிள், இது இரண்டு பார் பூஸ்ட் தாங்குமாம். வாங்கிவிடட்டுமா?" என்றான். (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம்தான் பூஸ்ட்; பார் என்பது அதன் அளவு.) வண்டி 3 லிட்டர் டொயோட்டா ஹைலக்ஸ். எங்கே ஓட்டுவாய் என்று கேட்டதற்கு, "கிடைக்கிற சவாரிக்கெல்லாம்" என்றான். இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் அவன் மூன்றாவது ஆள். மூன்று பேரிடமும் நான் பார்த்தது பதினைந்து வருடத்துக்கு முந்தைய என்னைத்தான்.

(தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: இங்கே தென்னாப்பிரிக்காவில் பிக்-அப் வண்டிக்குப் பெயர் பக்கி. மதுரையிலிருந்து வந்த உறவினர் ஒருவர், "உன் பக்கி எங்கே?" என்று நான் இன்னொருவரைக் கேட்டபோது சண்டை வரப்போகிறது என்று ஒதுங்கி நின்றார்.)

ஆயிலை நேரத்துக்கு மாற்று, ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வை என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் டர்போ பக்கமே வர வேண்டாம்.

பழையது ஏன் செத்தது என்று பார்க்காமல் புதியதை மாட்டுவது

ஹைலக்ஸில் 2005 முதல் வந்த 3 லிட்டர் 1கேடி எஞ்சினில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செப்பு வளையங்கள் கசியும். எரிந்த வாயு ஆயிலில் கலந்து கரியாகி, ஆயில் பானுக்குள் இருக்கும் உறிஞ்சு சல்லடையை அடைக்கும். ஆயில் கிடைக்காமல் முதலில் சாவது டர்போ. பானைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்காமல் எவ்வளவு விலை உயர்ந்த டர்போவை மாட்டினாலும் அதற்கும் அதே கதிதான்.

பூஸ்ட் எண்ணை மட்டும் கேட்டு வாங்குவது

என் பணத்தைத் தின்ற தவறு இது. இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

அன்று என் பக்கிக்கு ஒரு டர்போ வாங்கி, டர்பனிலேயே கணினியில் சரிசெய்து, 1.5 பார் பூஸ்டில் நிறுத்தினோம். புகை இல்லை, இழுவை அபாரம். அடுத்த வாரமே அக்கா மகள் கல்யாணச் சாமான்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்குக் கிளம்பினேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி டவுன் ஹில் ஏற்றத்தில் லாரிகளை முந்திக்கொண்டு போனபோது என்னைப் போல் கெட்டிக்காரன் நேட்டாலிலேயே இல்லை என்று தோன்றியது. வான் ரீனன் கணவாயில் டர்போவின் விசில் மெலிந்து, கொசு காதருகில் பறப்பதுபோல் ஆனது. நல்ல வேகம் என்று மகிழ்ந்தேன். ஹாரிஸ்மித் தாண்டியதும் 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பின்னால் சாலையே தெரியவில்லை. எல்லாம் நீல வெள்ளைப் புகை. காலை எடுத்த பிறகும் எஞ்சின் வேகம் ஏறியது. டர்போவின் தண்டு ஒடிந்து, ஆயில் உள்ளே போய், எஞ்சின் அதையே டீசலாக எண்ணிக் குடிக்கத் தொடங்கியிருந்தது. சாவியைத் திருப்பிப் பார்க்கக்கூட நான் காத்திருக்கவில்லை. ஐந்தாவது கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விட்டேன். வண்டி உதறி அடங்கியது.

என்ன நடந்தது? டர்போவுக்குப் பூஸ்ட் தெரியாது, விகிதம்தான் தெரியும். உள்ளே வரும் காற்றை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பதே அதன் உழைப்பு. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 1.01 பார். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம், அங்கே 0.83 பார்தான். கணவாயின் உச்சியிலும் ஏறக்குறைய அவ்வளவே. ஃபில்டரில் 0.03, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் 0.1 பார் இழப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்பனில் 1.5 பார் பூஸ்ட் என்றால் டர்போவில் காற்றை அழுத்தும் பாகமான கம்ப்ரஸர், ஃபில்டர் தாண்டி வரும் 0.98 பார் காற்றை 2.61 (1.01 + 1.5 + 0.1) ஆக்க வேண்டும்: 2.66 மடங்கு. மேலே போனதும், எஞ்சினுக்குள் அதே மொத்த அழுத்தத்தைத் தர, 0.80 பார் காற்றை அதே 2.61க்குக் கொண்டுவர வேண்டும்: 3.26 மடங்கு. அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். என்னுடையது டர்பனிலேயே தன் வேக எல்லைக்குப் பக்கத்தில்தான் சுழன்றுகொண்டிருந்தது.

தொழிற்சாலை போட்ட கணினி, தன் அட்டவணைப்படி, உயரம் ஏற ஏறப் பூஸ்டைத் தானே குறைக்கும். என் வண்டியைச் சரிசெய்தவர், இழுவை குறையக் கூடாது என்று அந்த அட்டவணையைச் சமமாக்கிவிட்டார். அவரை நான் முழுதாகக் குறை சொல்ல முடியாது. "எங்கே போனாலும் டர்பனில் இழுப்பது போலவே இழுக்க வேண்டும்" என்று கேட்டவன் நான்தானே.

ஆகவே விற்பவரிடம் கம்ப்ரஸர் வரைபடத்தைக் கேளுங்கள். குறுக்கே காற்றின் அளவு, நெடுக்கே அழுத்த விகிதம், மேலே கடைசி வேகக் கோடு. சுமையோடு ஏறும் மிக உயர்ந்த இடத்துக்குக் கணக்குப் போட்டு, அந்தப் புள்ளி கோட்டுக்கு உள்ளே விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் மேலே பூஸ்டைக் குறையுங்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் 1.15 பாரோடு நிறுத்தினால் விகிதம் 2.6க்கு இறங்கிவிடும். கூடவே டீசலையும் குறைக்க வேண்டும்; இல்லையென்றால் கரும்புகையும் சூடும் சேர்ந்து பிஸ்டனை உருக்கும். டர்போவைச் சுழற்றும் புகைப் பக்கச் சக்கரமான டர்பைனுக்கு முன்னால் ஒரு வெப்பமானி வையுங்கள். சுமையேற்றத்தில் 700 டிகிரிக்கு மேல் நின்றால் நான் காலை எடுத்துவிடுவேன். வரைபடம் இல்லை என்று சொல்லும் கடையில் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பெரியதே நல்லது என்பது

பெரிய டர்போ 1,800 சுற்றில் தூங்கும். சுமையோடு ஏறும்போது உங்களுக்கு வேண்டியது அந்த 1,800 தான். வலுக்கட்டாயமாக எழுப்பினால், எஞ்சின் விழுங்கும் காற்று போதாமல் கம்ப்ரஸருக்குள் காற்று திரும்பி அடிக்கும். வரைபடத்தின் இடது ஓரத்தில் இருக்கும் சர்ஜ் கோடு அதைத்தான் சொல்கிறது. பானெட்டுக்குள் 'புஸ் புஸ்' என்று கேட்கும். அதைக் கேட்டு ரசிக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுடைய பேரிங்கை மாற்றிக் கொடுத்ததும் நான்தான்.

ஆயில் குழாயில் சிலிக்கான் பசை

பிதுங்கிய பசை உள்ளே உதிர்ந்து டர்போவின் ஆயில் துளையை அடைக்கும். கேஸ்கெட் போடுங்கள். திரும்பும் குழாய் எங்கும் வளைந்து மேலேறாமல் நேரே கீழே இறங்க வேண்டும்.

நகல் சரக்கு

வேண்டாம்.

கிளட்ச்

கூடும் இழுவையைப் பழைய கிளட்ச் தாங்காது; அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். சனிக்கிழமை வந்த பையனிடம் இதைச் சொன்னதும் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டான்.