மணல்மேட்டு நீள்கொம்பு வண்டு: பெயர் சொல்வதில் நேரும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. வேலைத்தளத்து விளக்கடியில் விழுந்த வண்டைப் படமெடுத்து, "அண்ணே, இது பாலைவன வண்டுதானே, அபூர்வமா?" என்று தம்பிமார் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். தலையில் உணர்கொம்பு நீளமாகத் தெரிந்ததும் 'நீள்கொம்பு வண்டு' என்று பெயரைச் சொல்லிவிடத் தோன்றும். அங்கேதான் சறுக்குகிறது.

கொம்பு மட்டும் போதாது. கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீள்கொம்பு வண்டுகள் பலவற்றில் கண் முழு வட்டமாக இருக்காது. உணர்கொம்பு முளைக்கும் இடத்தை ஒட்டி, அவரைவிதைபோல உட்குழிந்திருக்கும். அடுத்து பாதம். கணு 5 இருந்தாலும், குட்டியான நான்காவது கணு மூன்றாவதன் இரு மடல்களுக்கு நடுவே ஒளிந்துகொள்வதால் பெரும்பாலும் 4 என்றே தெரியும். இலைவண்டுகளுக்கும் இப்படித்தான். ஆகவே கண், பாதம், கொம்பு மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக எண்ணுவது இன்னொரு தவறு. வட ஆப்பிரிக்க மணல்வெளிகளில் வாழும் பாலியார்த்ரான் என்ற நீள்கொம்பு வண்டுப் பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதியை) பாருங்கள். நீள்கொம்பு வண்டுக்கு உணர்கொம்பில் வழக்கமாக 11 கணு. இதன் ஆணுக்கு அதைவிட மிகக் கூடுதல், விசிறிபோல விரியும். பெண்ணுக்கோ கொம்பு குட்டை, பறக்கவும் முடியாது. பக்கத்தில் வைத்தால்கூட ஒரே குடும்பம் என்று நம்ப மாட்டீர்கள்!

அளவும் ஏமாற்றும். இறக்கை முளைத்த வண்டு அதற்குமேல் வளராது. புழுவாக இருந்தபோது தின்ற தீனியே உருவத்தைத் தீர்மானிக்கிறது. சின்னதைக் கண்டு 'குட்டி' என்று சொல்லாதீர்கள். மணலில் உரசி உரசி மேல்மயிர் தேய்ந்திருக்கும், அதனால் நிறத்தையும் முழுதாக நம்ப வேண்டாம்.

நம் ஊரிலும் இதே குழப்பம் உண்டு. மணற்பாங்கான நிலத்தில் நிற்கும் கொல்லாமரத்தடியில் செம்பழுப்பு நீள்கொம்பு வண்டைக் கண்டு, 'தேரிக்கே (செம்மணல் மேட்டுக்கே) உரிய அபூர்வ இனம்' என்று முடிவு கட்டுகிறார்கள். மரத்தின் அடிப்பட்டையைப் பாருங்கள். பிசினும் மரத்தூளும் கசிந்திருந்தால் அது கொல்லாமரத்தைத் துளைக்கும் வண்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மணலில் கிடந்ததால் மட்டும் அது மணல்வண்டு ஆகிவிடாது.

முதுகுப் படம் ஒன்றை மட்டும் அனுப்பாதீர்கள். முகம், பக்கவாட்டு, வயிற்றுப்புறம், பக்கத்தில் ஒரு நாணயம் எல்லாம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் இடக்குறிப்பு அழிந்துவிடும்; எனவே ஊர், தேதி, நேரம், பக்கத்தில் இருந்த செடி ஆகியவற்றைத் தனியாக எழுதுங்கள். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி காட்டும் முதல் பெயரை அப்படியே எடுக்காதீர்கள். அபூர்வ இனத்துக்குப் படங்கள் சொற்பம் என்பதால், அது தெரிந்த இனத்தின் பெயரையே நீட்டும். உறுதியில்லாவிட்டால் பேரினத்தோடு நிறுத்துவதே நேர்மை.

'அபூர்வம்' என்ற சொல்லிலும் நிதானம் வேண்டும். பிரயோனஸ் போன்ற நீள்கொம்பு வண்டுப் பேரினங்களின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்றே சில ஆண்டுகளைக் கழிக்கும்; வண்டாக வெளியே திரிவது சில வாரங்கள்தான், அதுவும் பெரும்பாலும் இரவில். பகலில் ஒரு தடவை நடந்துவிட்டு 'இங்கே இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.