தொலைதூர மேயர் தேர்தலும் நம் தெருக் குழுவும்: மதம் பற்றிய பேச்சைக் கையாளும் முறை

2025 நவம்பர் 5ஆம் தேதி காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின், நியூயார்க் மாநகரின் மேயர் தேர்தலில் முஸ்லிமான சோரான் மம்தானி வென்றார் என்ற செய்தி குன்னூருக்கு வந்து சேர்ந்தது. ரேலியா அணைத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு எந்த நாளில், எத்தனை மணிக்குத் திறந்துவிடப்படும் என்பதைத் தெரிவிப்பதற்காக மட்டும் தொடங்கப்பட்ட வாட்ஸ்அப் குழுவில், ஒன்பது மணிக்குள் அதைப் பற்றி வரிசையாகப் பதிவுகள் வந்துவிட்டன. அந்த ஊர் இனி அவ்வளவுதான் என்று ஒருவர் எழுதினார். மம்தானியின் தாய் இந்து, அவர் நம் நாட்டுப் பிள்ளை என்று இன்னொருவர் மகிழ்ந்தார். யாரோ எங்கோ பேசிய நீண்ட குரல் பதிவொன்றை மூன்றாமவர் அனுப்பினார். பத்து மணியளவில், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் பாய், ஒரு சொல்லும் எழுதாமல் குழுவிலிருந்து விலகினார். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது; அறிவிப்பு அவருக்குப் போகவில்லை; அவர் வீட்டுக் குடங்கள் காலியாகவே இருந்தன.

அந்தக் குழுவின் நிர்வாகி நான். அன்று காலை எல்லாவற்றையும் படித்தேன், எதுவும் எழுதவில்லை. அதன்பின் யோசித்தும் பிறரிடம் கேட்டும் நான் கைக்கொண்ட முறையை, மலையில் இப்படிப்பட்ட குழுக்களை நடத்துவோருக்கும் அவற்றில் பேசுவோருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். இலண்டனிலோ நியூயார்க்கிலோ அடுத்த தேர்தல் வரும்போது இதே பேச்சு மீண்டும் வரும்.

பதவி எவ்வளவு பெரியது என்று முதலில் பாருங்கள்

மேயர் என்ற சொல் நீலகிரியில் வாழும் நமக்குச் செய்தித்தாளில் மட்டும் பழக்கமானது. இந்த மாவட்டத்தில் மாநகராட்சி இல்லை. உதகை, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் முதலியவை நகராட்சிகள். நாம் வார்டு உறுப்பினருக்கு வாக்களிக்கிறோம், உறுப்பினர்கள் கூடி நகர்மன்றத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேயரைப் பார்க்க வேண்டுமானால் நாம் கோயம்புத்தூருக்கும், கொடைக்கானல்காரர்கள் திண்டுக்கல்லுக்கும் இறங்க வேண்டும். அங்கும் 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாமன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். இலண்டனிலும் நியூயார்க்கிலும் வாக்காளர் நேரடியாக மேயருக்கு வாக்களிக்கிறார். இந்த வேறுபாடு மனத்தில் இல்லாவிட்டால், அந்த வெற்றியைச் சிலர் கூடிச் செய்த ஏற்பாடாகவோ, ஒரு நாட்டையே கைப்பற்றிய நிகழ்ச்சியாகவோ எண்ணிவிடுவது எளிது.

ஆகவே அச்சமூட்டும் செய்தி எதைப் படித்தாலும், அதில் சொல்லப்படும் காரியத்தைச் செய்ய அந்தப் பதவிக்கு அதிகாரம் இருக்கிறதா என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். 2025 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அவையில் பேசிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப், இலண்டன் மேயர் சாதிக் கானைக் குறை கூறியதோடு, அந்நகரம் ஷரியா சட்டத்தை நோக்கிப் போக விரும்புவதாகவும் சொன்னார். இலண்டன் மேயரின் பொறுப்பு பேருந்து, சுரங்க ரயில், காவல்துறையின் மேற்பார்வை, வீட்டு வசதி, நகரத் திட்டமிடல் ஆகியவற்றைச் சார்ந்தது. நாட்டின் சட்டத்தை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கே உண்டு. 25 உறுப்பினர் கொண்ட இலண்டன் பேரவை மேயரின் வரவுசெலவைக் கேள்வி கேட்கிறது. அதற்குக் கீழே 32 பெருநகர்ப் பகுதிகளுக்குத் தனித்தனி மன்றங்கள் இருக்கின்றன. இவ்வளவு தெரிந்தாலே அந்தக் கூற்று நிற்காது.

இதே கேள்வியை வாக்குறுதிகளிடமும் கேட்க வேண்டும். அப்போதுதான் அது நேர்மையான கேள்வி. பேருந்துக் கட்டணத்தை நீக்குவேன் என்று மம்தானி சொன்னார். ஆனால் நியூயார்க்கின் பேருந்துகளை நடத்துவது மாநில அரசின்கீழ் உள்ள போக்குவரத்து ஆணையம் என்பதால், மாநிலத்தின் இசைவில்லாமல் அது நடக்காது. வாடகை உயர்வை நிறுத்துவேன் என்றார். வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஏறத்தாழ பத்து இலட்சம் வீடுகளுக்கு உயர்வை முடிவு செய்யும் வாரியத்தின் உறுப்பினர்களை மேயர் நியமிக்கிறார் என்பதால், இது அவருடைய கைக்கு எட்டும் காரியம். அவரைப் பாராட்டுவதற்கும் குறை கூறுவதற்கும் இங்கே வேண்டிய அளவு இடம் இருக்கிறது. எங்கள் குழுவில் அன்று வந்த பதிவுகளில் ஒன்றுகூட வாடகையைப் பற்றியதாக இல்லை என்பதைப் பிறகு திரும்பப் படித்தபோது கவனித்தேன். வாடகை வீட்டில் இருக்கும் எத்தனையோ பேர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

மதத்துக்கு உரிய இடத்தைக் கொடுங்கள்

மதத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது உண்மைக்கு ஒத்துவராது. 2016 மே மாதம் சாதிக் கான் இலண்டனின் முதல் முஸ்லிம் மேயரானது வரலாற்றுச் செய்தி. பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பேருந்து ஓட்டுநரின் மகன் அவர். பதவியேற்பு நிகழ்ச்சியைச் சதர்க் தேவாலயத்தில் வைத்துக்கொண்டார். மம்தானி 2025 அக்டோபரில் பிராங்க்ஸ் பகுதியின் பள்ளிவாசல் ஒன்றின் வெளியே நின்று, முஸ்லிம்கள் தம் அடையாளத்தால் படும் அவமதிப்பைப் பற்றித் தாமே வெளிப்படையாகப் பேசினார். அவர்கள் மறைக்காத ஒன்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஓர் இனத்தார் அதுவரை எட்டாத இடத்தை எட்டும்போது அவர்களுக்கு உண்டாகும் மகிழ்ச்சி இயல்பானது. 1937இல் சிவசண்முகம் பிள்ளை சென்னையின் மேயரானபோது, தாழ்த்தப்பட்டோரில் முதல்வர் அவர் என்பதையும், 2022இல் ஆர்.பிரியா அதே பதவிக்கு வந்தபோது அதில் அமர்ந்த முதல் தலித் பெண் அவர் என்பதையும் நாம் பெருமையோடுதானே சொல்கிறோம்?

பிசகு தொடங்கும் இடம் வேறு: வென்றவரின் மதத்தைக் கொண்டு அவர் என்ன செய்வார் என்பதையும், அவருக்கு வாக்களித்தவர் யார் என்பதையும் நாமே முடிவு செய்துவிடுகிறோம். இரண்டாவதைக் கணக்குப் போட்டே சரிபார்க்கலாம். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி இலண்டனில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 15 சதவீதம். வாக்காளர் இரண்டு விருப்பங்களைக் குறிக்கும் முறையில் நடந்த 2016 தேர்தலில் சாதிக் கான் முதல் விருப்ப வாக்குகளில் 44 சதவீதமும், இரண்டாம் விருப்பத்தையும் சேர்த்து எண்ணியபின் ஏறத்தாழ 57 சதவீதமும் பெற்றார். பிற மதத்தாரும் மதம் இல்லாதோரும் பெருந்திரளாக வாக்களிக்காமல் இந்த எண் வராது. நியூயார்க்கில் 1969க்குப் பிறகு முதன்முறையாக இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள்; அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மம்தானியைத் தேர்ந்தார்கள்; மறுபாதியில் பெரும்பகுதி, சனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய முன்தேர்தலில் தோற்றுச் சுயேச்சையாக நின்ற ஆண்ட்ரூ குவோமோவுக்குப் போயிற்று. அவருக்கு வாக்களித்த ஒவ்வொருவரும் மத வெறுப்பினால் வாக்களித்தார் என்று சொல்வதும் தவறான கணக்கே.

‘நம் பிள்ளை’ என்ற மகிழ்ச்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நாம் தீங்கற்றதாக எண்ணிவிடுகிறோம். மம்தானி பிறந்தது உகாண்டாவின் கம்பாலாவில். தந்தை குஜராத்தி முஸ்லிம் குடும்பத்தவர், தாய் ரூர்கேலாவில் பிறந்த பஞ்சாபி இந்துக் குடும்பத்தவர். வெற்றி உரையில் அவர் 1947 நள்ளிரவு நேரு பேசிய சொற்களை எடுத்துக்காட்டியது நமக்கு இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் தாயின் மதத்தை எடுத்துக்காட்டி அவரை ஏற்றுக்கொள்ளச் செய்யும் பதிவு, தந்தையின் மதத்தை மன்னிக்கப்பட வேண்டிய குற்றமாக்கிவிடுகிறது. எங்கள் தெருப் பாயைப் புண்படுத்தியது அச்சமூட்டிய பதிவைவிட இந்த அன்பான பதிவுதான் என்று அவரே என்னிடம் சொன்னார். ‘நம்மகிட்ட நல்லதா ஒண்ணு சொல்லணும்னாக்கூட, அம்மா வழிதான் தேட வேண்டியிருக்கு பாருங்க டீச்சர்’ என்றார். அதற்கு என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

ஒரு பதிவு எந்த வகை என்று தெரியாவிட்டால், அதில் உள்ள மதப் பெயரை எடுத்துவிட்டு உங்கள் மதத்தின் பெயரையோ உங்கள் ஹட்டியின் (படுகர் சிற்றூரின்) பெயரையோ வைத்து உரக்கப் படியுங்கள். மம்தானி 2026 சனவரி 1ஆம் நாள் குர்ஆன்மீது கை வைத்துப் பதவியேற்றார் என்பது வெறும் செய்தி. நம் நாட்டிலும் ‘கடவுள் அறிய’ என்றோ ‘உளமார’ என்றோ அவரவர் விருப்பப்படி உறுதிமொழி ஏற்க அரசமைப்பு இடம் தருகிறது. அதே செய்தியோடு ‘இனி என்ன ஆகுமோ’ என்று ஒரு வரி சேரும்போது அது வேறொன்றாகிவிடுகிறது. பெயரை மாற்றிப் படித்தால் அந்த வரி மட்டும் நாக்கில் தடுக்கும்.

வந்ததைச் சோதித்தல்

இரட்டை அம்புக்குறியோடு பலமுறை பகிரப்பட்டதாகக் குறிக்கப்பட்ட செய்தியை, எழுதியவர் யாரென்று அனுப்பியவருக்கே தெரியாது என்ற எண்ணத்தோடு படியுங்கள். படமானால் கூகுள் லென்ஸில் தேடினால் அது எந்த ஆண்டுப் படம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இதைவிட நம் ஊரில் பயன்படுவது, அங்கே வேலை பார்க்கும் நம் உறவினரின் குரல் பதிவை எடைபோடத் தெரிவது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பாத தெரு குறைவு. அவர்கள் சொல்வதை நாம் நேரில் கண்ட சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். நியூ ஜெர்சியில் வீடு எடுத்திருப்பவருக்கு நியூயார்க் மாநகரத் தேர்தலில் வாக்கு இல்லை. மாநகரத்துக்குள்ளேயே இருந்தாலும் அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவருக்கு இல்லை. இலண்டனில் சட்டப்படி வசித்து வாக்காளராகப் பதிந்துகொண்ட இந்தியக் குடிமகளுக்கோ, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், மேயர் தேர்தலில் வாக்குண்டு. அங்கே செவிலியராக இருக்கும் உங்கள் மருமகளிடம், அவர் வாக்களித்தாரா, எதைப் பார்த்து வாக்களித்தார் என்று கேட்டால், எந்தத் தொலைக்காட்சியும் தராத விவரம் கிடைக்கும்.

அரசியல் தலைவர்களின் கோபத்தை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். தேர்தலுக்கு முன் மம்தானியைக் கம்யூனிஸ்ட் என்று சாடிய டிரம்ப், நவம்பர் 21ஆம் தேதி வெள்ளை மாளிகையில் அவரை இன்முகத்தோடு வரவேற்றார். அந்தச் சாடலை நம்பி இங்கே முகம் திருப்பிக்கொண்ட இருவர் அந்தப் படத்தைப் பார்த்துச் சமாதானமாகிவிடவில்லை.

யாரிடம், எங்கே பேசுவது

தவறான பதிவு வந்ததும் குழுவிலேயே மறுத்து எழுதுவது துணிச்சலாகத் தோன்றும். பத்துப் பேர் பார்க்கத் திருத்தப்பட்டவர் பின்வாங்கமாட்டார் என்பதை அனுபவத்தில் கண்டேன். அனுப்பியவரைத் தனியாக அழையுங்கள். முடிந்தால் கடைக்கோ வீட்டுக்கோ நேரில் போங்கள். ‘அண்ணா, இது உங்களுக்கு யார் அனுப்பியது? மேயரால் இதைச் செய்ய முடியுமா என்று பார்த்தீர்களா?’ என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள். பெரும்பாலும் அந்த மேயரைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் இருக்காது. வேறு ஏதோ மனக்குறை அந்தப் பதிவின் வழியே வெளியே வந்திருக்கும். எங்கள் குழுவில் குரல் பதிவை அனுப்பியவருக்குக் கடை வாடகைத் தகராறு ஒன்று பல மாதமாக நடந்துகொண்டிருந்தது.

புண்பட்டிருக்கக்கூடியவரிடம் அன்றைக்கே போக வேண்டும். நான் மூன்று நாள் கழித்துப் போனது என் தவறு. போகும்போது அவருடைய மதத்துக்காக வாதாடும் வழக்கறிஞராகப் போகாதீர்கள். அந்த மேயரைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்றும் கேட்காதீர்கள், ஏனெனில் அவர் அந்த மேயரின் பிரதிநிதி அல்லர். நடந்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். இனி குழுவில் என்ன விதி இருக்கும் என்று சொல்லுங்கள்.

நிர்வாகியானவர் விதியை முன்கூட்டியே எழுதி வைப்பது நல்லது. எங்கள் விதி சிறியது: தண்ணீர், மின்தடை, மண்சரிவு, இறப்புச் செய்தி, இவை தவிர வேறெதுவும் இந்தக் குழுவில் வேண்டாம், உலகச் செய்தி பேச விரும்புவோர் தனிக் குழு வைத்துக்கொள்ளலாம். மீறிய பதிவை நீக்கிவிட்டு, நீக்கியதற்கான காரணத்தை எழுதியவருக்குத் தனியே சொல்கிறேன். அதைப் படம் பிடித்து வேறு குழுவில் போட்டுக் கண்டிக்க வேண்டாம். கண்டனத்தோடு சேர்ந்து அந்தப் பதிவும் ஊர்வலம் போகும். மதங்களுக்கிடையே பகையை வளர்க்கும் பேச்சு நம் நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியது என்பதை ஒருமுறை அமைதியாகத் தெரிவிக்கலாம். மிரட்டலாகப் பயன்படுத்தினால் உறவு முறிந்துவிடும்.

2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் நகர்மன்றங்களின் ஐந்தாண்டுக் காலமும் முடியப் போகிறது. வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது, அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவரா, காந்தல் குருசடித் தேவாலயத்துக்குப் போகிறவரா, பள்ளிவாசலுக்குப் போகிறவரா என்ற பேச்சு குழுவில் எழும். அப்போது கேட்க வேண்டிய கேள்விகளைச் சென்ற மாதம் நாங்கள் ஒரு தாளில் எழுதினோம்: ரேலியா நீரைத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தருவீர்கள், குப்பையை எங்கே கொட்டுவீர்கள், மழைக்கு முன் ஓடையைத் தூர்வாருவது யார் பொறுப்பு. தாளைப் பாயின் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். கீழே இன்னும் இடம் இருக்கிறது. துணி வாங்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கேள்வி எழுதிவிட்டுப் போகிறார்கள்.