வரைபடம், காற்று, கடிகாரம்: விமானப் பயணக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைதூர விமானப் பயணத்தைக் கணக்கிடுபவர்கள் முதலில் சறுக்குவது சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில்தான். டோக்கியோவும் லாஸ் ஏஞ்சல்ஸும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் இருப்பதால், இரண்டுக்கும் இடையே அளவுகோல் வைத்து இழுத்த நேர்கோடே குறுக்குவழி என்று எண்ணத் தோன்றும். அந்தக் கோட்டின்படி பறந்தால் சுமார் 9,300 கிலோமீட்டர். உண்மையான குறுக்குவழியோ வடக்கே ஏறத்தாழ 48 பாகை வரை வளைந்து இறங்குகிறது, அதன் நீளம் சுமார் 8,800 கிலோமீட்டர்தான். ஐயம் இருப்பவர்கள் பூகோள உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால், அது தானே வடக்கே நகர்வதைக் காணலாம்.

விமானத் துறையில் தூரம் கடல் மைலில் சொல்லப்படும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், சாதாரண மைல் 1.609 கிலோமீட்டர். இதே வழியின் 4,750 கடல் மைலைச் சாதாரண மைலாக எடுத்துக்கொண்டால் 1,150 கிலோமீட்டர் காணாமல் போய்விடும்.

தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்து, போக வர இரண்டுக்கும் அதே நேரம் என்று எழுதிவைப்பதே என் பார்வையில் மிகப் பரவலான தவறு. வட பசிபிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் மிகவும் வலுக்கும். சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று துணைநின்றால் அமெரிக்கா செல்ல 8.8 மணி நேரம் ஆகும். அதே காற்று எதிர்த்து வீசினால் திரும்ப 11 மணி நேரம் ஆகும். இழந்த நேரம் மிச்சமான நேரத்தைவிட அதிகம் என்பதையும் கவனிக்க வேண்டும், ஏனெனில் எதிர்க்காற்றில் விமானம் கூடுதல் நேரம் சிக்கியிருக்கிறது. இவற்றோடு ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றையும் சேர்த்தால், கால அட்டவணையில் ஏறத்தாழ பத்து மணி நேரமும் பன்னிரண்டு மணி நேரமும் வருகின்றன.

பயணச்சீட்டில் உள்ள இரு நேரங்களையும் நேரடியாகக் கழிப்பது வேடிக்கையில் முடியும். குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு டோக்கியோவில் புறப்பட்டால் அதே நாள் காலை 10 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கலாம். புறப்படுவதற்கு ஏழு மணி நேரம் முன்பே வந்துசேர்ந்ததாகக் கணக்கு காட்டும். இரு நேரங்களையும் யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிய பிறகே கழிக்க வேண்டும். கோடையில் அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறது, ஜப்பான் தள்ளுவதில்லை. ஆகவே இரு நகரங்களுக்கும் இடையே குளிர்காலத்தில் உள்ள 17 மணி நேர வேறுபாடு 16 ஆகிவிடும்.

பழைய பயண நேரத்தை அப்படியே நம்புவதும் சரியல்ல. 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபின், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம், வட துருவத்தையோ தெற்கு வழியையோ சுற்றிச் செல்ல நேர்ந்ததால், சுமார் 13 மணி நேரமாக நீண்டது. நகரங்களுக்கு இடையிலான தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை.