யூனிவேர்சல் கிரெடிட் காசைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்தால்

உங்களுக்கு யூனிவேர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரித்தானிய அரசு மாதாமாதம் தருகிற உதவிக்காசு) உரிய அளவுக்கு மேல் தந்துவிட்டோம், இவ்வளவு பவுணைத் திருப்பித் தாருங்கள் என்று அதைக் கொடுக்கிற அரசுத் திணைக்களமான டி.டபிள்யூ.பி. கடிதம் போட்டால் எங்கட சனம் இரண்டில் ஒன்றைச் செய்யும். சிலர் வெட்கத்தில் ஆரிட்டையோ கைமாற்று வாங்கி முழுத்தொகையையும் கட்டிவிடுவார்கள். சிலர் கடிதத்தைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அடுத்த கடிதம் வரும்வரை மறந்திருப்பார்கள். இரண்டுமே வேண்டாம்.

நான் வழக்கறிஞர் இல்லை. வடமேற்கு லண்டனில், சனிக்கிழமைகளில், ஆங்கிலக் கடிதங்களை ஆக்களுக்கு வாசித்துச் சொல்கிற ஆள், அவ்வளவுதான். கடிதத்தை நீட்டுகிற எல்லாரும் கேட்பது ஒன்றே: "அண்ணை, இதைக் கட்டத்தான் வேணுமோ?" அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தக் கடன் உண்மையா? தொகை சரியா? மாதாமாதம் எவ்வளவு வெட்டலாம்? முதல் இரண்டுக்கும் போக வேண்டிய கதவு ஒன்று, மூன்றாவதுக்குக் கதவு வேறு. மாறித் தட்டுவதால்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள்.

கடிதத்தின் அடியில் இருக்கும் ரெலிபோன் நம்பர் பெரும்பாலும் டெட் மனேஜ்மென்ற் என்ற பிரிவினுடையது. அவர்கள் காசு அறவிடுகிற ஆக்கள். தொகை ஏன் வந்தது, எந்த மாதத்தில் பிழை என்று அவர்களோடு எவ்வளவு நேரம் கதைத்தாலும் அதை மாற்றுகிற அதிகாரம் அவர்களிடம் இல்லை. அவர்கள் மரியாதையாகக் கேட்பார்கள், நீங்களும் முறைப்பாடு பதிவாகிவிட்டது என்று நம்பியிருப்பீர்கள். அதற்குள் தவணை முடிந்துவிடும்.

அந்தத் தவணை ஒரு மாதம். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளை எண்ணாதீர்கள், கடிதத்தில் போட்டிருக்கும் திகதியிலிருந்து எண்ணுங்கள். முடிவை மறுப்பதற்கு மன்டற்றரி ரீகன்சிடரேசன் (mandatory reconsideration, முடிவை அவர்களே திரும்பப் பார்க்கிற மறுபரிசீலனை) வேண்டும் என்று உங்கள் ஒன்லைன் ஜேர்னலில், அதாவது யூனிவேர்சல் கிரெடிட் கணக்கில் அவர்களுக்குச் செய்தி எழுதுகிற பக்கத்தில், எழுத வேண்டும். அந்த இரண்டு சொல்லையும் ஆங்கிலத்தில் அப்படியே எழுதுங்கள். "எனக்கு இது விளங்கவில்லை, தயவுசெய்து பாருங்கள்" என்று எழுதினால் சாதாரணக் கேள்வியாக எடுத்து இரண்டு வரியில் பதில் போட்டு மூடிவிடுவார்கள். மாதம் தாண்டிவிட்டாலும் கேட்கலாம், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் 13 மாதம் வரை இடமுண்டு. ஆஸ்பத்திரியில் இருந்தது, செத்தவீடு, கடிதம் பழைய முகவரிக்குப் போனது எல்லாம் காரணந்தான், அத்தாட்சியோடு சொன்னால்.

கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: எந்தெந்த அசெஸ்மென்ற் பீரியட்டில் (கணக்குப் பார்க்கிற ஒரு மாதக் காலம்) எவ்வளவு கூடத் தந்தீர்கள், ஏன், என்று மாதவாரியாக ஒரு கணக்கு. யூனிவேர்சல் கிரெடிட் மாதம் மாதமாகத்தான் கணிக்கப்படுகிறது. மொத்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு சரி பிழை பார்க்க ஏலாது.

இங்கே ஒரு கசப்பான விசயம். "பிழை விட்டது அவர்கள், நான் ஏன் கட்ட வேணும்?" என்பது யூனிவேர்சல் கிரெடிட்டில் எடுபடாது. அலுவலகத்தின் பிழையால் கூட வந்த காசையும் திருப்பி எடுக்க 2012ஆம் ஆண்டின் வெல்ஃபெயார் ரிஃபோம் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டது. ஆகவே ஆருடைய பிழை என்று வாதாடி மூச்சை வீணாக்காமல், அந்த மாதங்களில் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு உரித்து இருந்தது என்று பாருங்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் அதில்.

என்னிடம் வருகிற கடிதங்களில் திரும்பத் திரும்ப வருவது ஊர்ப்பயணம். நாட்டுக்கு வெளியே ஒரு மாதத்துக்கு உட்பட்டுப் போய்வந்தால் உரித்துத் தொடரும். நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஆறு கிழமைக்கு ரிக்கெற் போட்டால், கடைசி இரண்டு கிழமைக்குத்தான் பிரச்சினை என்று ஆக்கள் நினைக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் எண்ணத்தோடு புறப்பட்டால் முதல் நாளிலிருந்தே அந்தச் சலுகை கிடையாது. இதில் வாதாட ஒன்றுமில்லை, தொகையை மட்டும் சரிபாருங்கள்.

செத்தவீட்டுக்குப் போனவர்களின் கதை வேறு. தாய், தகப்பன், சகோதரம் போன்ற நெருங்கிய உறவு இறந்து, ஒரு மாதத்துக்குள் திரும்பு என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்றால் இன்னொரு மாதம் நீட்டலாம் என்று விதியிலேயே இருக்கிறது. இறந்தவருக்குச் செய்கிற எங்கட அந்தியேட்டிக் கிரியை வருவது 31ஆம் நாள். மூத்த மகன் அதைச் செய்யாமல் விமானம் ஏறமாட்டான் என்பது லண்டனில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிற உத்தியோகத்தருக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் எழுத வேண்டும். மரணச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், அந்தியேட்டி நாள் அச்சடித்த கார்ட்டும், ரிக்கெற்றில் திகதி மாற்றிய ஈமெயிலும், கோயில் ஐயரிடமிருந்து ஒரு சின்னக் கடிதமும் இருந்தால் நல்லது. இந்த விதியைச் சொல்லாமலே ஆக்கள் கட்டிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் கோபம்.

அடுத்தது சேமிப்பு. 6000 பவுண் வரை கணக்கில் எடுக்கமாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 பவுண் வருமானம் என்று பிடித்துக் கழிப்பார்கள். 16,000 தாண்டினால் உரித்தே இல்லை. சீட்டு எடுத்த மாதம் பாங்கில் திடீரென்று பெரிய தொகை ஏறும், அது கண்ணில் படும். சீட்டில் மிச்சம் கட்ட வேண்டிய காசு கடன்தானே என்று நீங்கள் நினைக்கலாம், அவர்கள் பாங்கில் கிடக்கிற தொகையைத்தான் பார்ப்பார்கள். மச்சான் வீடு வாங்குவதற்காக உங்கள் கணக்கில் போட்டு வைத்த காசு என்றால் அது வேறு. அது உங்கள் சொத்து அல்ல என்று சொல்லலாம், ஆனால் வாய்ச்சொல் போதாது. காசு வந்த வழியும் போன வழியும் ஸ்ரேற்மென்றில் தெரிய வேண்டும், மச்சானின் கையெழுத்தும் வேண்டும்.

சேமிப்பால் வந்த ஓவர்பேமென்ற் (கூடத் தந்த காசு) நீண்ட காலத்துக்கு என்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள். ஒவ்வொரு மூன்று மாத முடிவிலும், அதுவரை கூடக் கொடுத்த தொகை அளவுக்கு உங்கள் சேமிப்புக் குறைந்ததாகப் பாவித்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. அப்படிக் குறைத்துப் பார்த்தால் சில மாதங்களுக்குப் பிறகு சேமிப்பு 16,000க்குக் கீழே இறங்கலாம், கடனும் அதற்கேற்பச் சுருங்கும். இதைச் செய்தீர்களா என்று ஜேர்னலில் ஒரு வரி எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்தில் உங்கள் பெயரில் கிடக்கிற காணி வீடும் சொத்துத்தான், கடல் தாண்டி இருப்பதால் மறைந்துவிடாது. ஆனால் அதில் ஓய்வூதிய வயது தாண்டிய அம்மாவோ அப்பாவோ குடியிருந்தால், அந்தப் பெறுமதியை விலக்க வேண்டும் என்று கேட்க விதி உண்டு. சகோதரங்களோடு பங்கு என்றால் உங்கள் பங்கின் விற்பனைப் பெறுமதி மட்டுந்தான். பிரிக்காத காணியில் ஐந்திலொரு பங்கை வெளியாள் என்ன விலைக்கு வாங்குவான்? அதைத்தான் எழுத வேண்டும்.

மறுபரிசீலனையிலும் தோற்றால், அந்தப் பதிலின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் ரிபியூனலுக்கு, அதாவது டி.டபிள்யூ.பி.யைச் சாராத நீதிபதியிடம், போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் கேட்டால் தருவார்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். பதினான்கு வயதுப் பிள்ளை தகப்பனின் பாங்க் கணக்கை நீதிபதிக்கு விளக்குவது நல்லதல்ல.

இனி மூன்றாவது கேள்வி. கடன் உண்மை, தொகையும் சரி என்றால் இப்போதுதான் டெட் மனேஜ்மென்றுக்குப் போன் அடியுங்கள். 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து யூனிவேர்சல் கிரெடிட்டில் வெட்டுகளின் மொத்த எல்லை பொதுவாக ஸ்ரான்டட் அலவன்ஸின் (வாடகை, பிள்ளைகள் போன்றவற்றுக்கான தொகைகள் சேராத அடிப்படைத் தொகை) 25 வீதத்திலிருந்து 15 வீதமாகக் குறைந்தது. 2025–26இல் 25 வயதோ அதற்கு மேலோ உள்ள தனி ஆளுக்கு அலவன்ஸ் 400.14 பவுணாக இருந்தது, ஆகவே வெட்டின் எல்லை 60 பவுண் அளவில். அதுவும் தாங்காது என்றால் இன்னும் குறைக்கச் சொல்லலாம். வாடகை, கவுன்சில் ரக்ஸ், காஸ், கரண்ட், பஸ், சாப்பாடு, பிள்ளைகளின் செலவு எல்லாவற்றையும் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு கதையுங்கள். ஊருக்கு அனுப்புகிற காசை அவசியச் செலவாக ஏற்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம்.

முழுதாகத் தள்ளுபடி கேட்கவும் வழி உண்டு, வெய்வர் என்று பெயர். லேசில் கிடைக்காது. 2023இல் லண்டன் உயர் நீதிமன்றம் ஒரு பெண்ணின் வழக்கில், டி.டபிள்யூ.பி. தானே பிழையாக உறுதி கொடுத்து 8600 பவுணுக்கு மேல் கொடுத்துவிட்டு, பிறகு தள்ளுபடி மறுத்தது சட்டப்படி தவறு என்று தீர்த்தது. உங்களுக்கும் ஜேர்னலில் "இது சரிதான், எடுங்கள்" என்று எழுத்தில் சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

கெயரர்ஸ் அலவன்ஸுக்கு (இயலாத ஒருவரைப் பராமரிப்பவருக்குத் தருகிற காசு) பழைய விதிதான்: நீங்கள் சொல்லாமல் விட்டதாலோ பிழையாகச் சொன்னதாலோ வந்திருந்தால்தான் திருப்பி எடுக்கலாம். பென்சன்காரரின் ஹவுசிங் பெனிஃபிட் (வாடகைக்கான உதவிக்காசு) கவுன்சிலின் பிழையால் கூடியிருந்து, அது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்றால் கட்டத் தேவையில்லை. கடிதத்தில் எந்தப் பெனிஃபிட் என்று முதலில் பாருங்கள்.

பெனிஃபிட் நின்று வேலைக்குப் போகிறவர்கள் பதில் போடாமல் இருந்தால், கோர்ட்டுக்குப் போகாமலே முதலாளிக்கு எழுதிச் சம்பளத்தில் வெட்டுவிக்க டி.டபிள்யூ.பி.க்கு முடியும். கையில் வரும் சம்பளத்தில் 60 வீதத்தை விட்டுவைக்க வேண்டும். கடை முதலாளிக்குத் தெரிய வேண்டாம் என்றால் அதற்கு முன் நீங்களே தவணை பேசுங்கள்.

இன்டர்வியூ அண்டர் கோஷன் என்று கடிதம் வந்தால் இதுவரை சொன்ன ஒன்றும் பொருந்தாது. அது மோசடி விசாரணை. தனியாகப் போகாதீர்கள், கூட என்னையும் கூப்பிடாதீர்கள், குற்றவியல் சொலிசிட்டரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.